ஹிட்லர் எந்த வாசல் வழியாக வந்தான்?

 

போன வாரம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது எதிரே உள்ள டீக்கடையில் ஒரு பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வரணும் ஹஜ்ரத். அப்பத்தான் உருப்படும்." பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஒரு சான்றிதழுக்காக மூன்று மாதமாக ஒரு அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார். அந்தக் கோபத்தில் சொன்னார். நான் அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். அது தவறு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

அதே வாரம் ஒரு வாலிபர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஹிட்லர் படம் போட்ட ஒரு செய்தியை அனுப்பினார். யூதர்களைப் பற்றி ஹிட்லர் சொன்னதாக ஒரு வாசகம். நம்மில் பலருக்கும் அது வந்திருக்கும். சிலர் "ஃபார்வர்ட்" செய்தும் இருப்பீர்கள். இந்த இரண்டு பேருக்கும் பதிலாகத்தான் இந்த வாரப் பாடம்.

ஃபிர்அவ்னின் சம்பவத்தை நாம் சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறோம். ஆனால் நாம் அவனைப் பார்க்கும்போதே அவன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். மக்களைப் பிரிவு பிரிவாக ஆக்கி, ஒரு பிரிவை நசுக்கிக்கொண்டிருக்கிறான். அவன் அந்த இடத்துக்கு எப்படி ஏறினான் என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஜெர்மனி விஷயம் அப்படி இல்லை. அங்கே ஏணியின் ஒவ்வொரு படியும் தேதியோடு, ஓட்டுக் கணக்கோடு, கையெழுத்தோடு பதிவாகி இருக்கிறது. எந்தப் படியில் யார் தோள் கொடுத்தார்கள் என்பதும் தெரியும்.

தோற்றவர்கள் பழியைக் கைமாற்றினார்கள்

1918 நவம்பரில் முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது. மன்னர் கெய்சர் பதவியிழந்தார். 1919-ல் வைமர் என்ற ஊரில் கூடிய சபை ஒரு புதிய அரசியல் சாசனத்தை எழுதியது. ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு, பேச்சுரிமை, மத உரிமை எல்லாம் அதில் இருந்தன. அந்தக் காலத்தில் உலகத்திலேயே அதிக சுதந்திரம் தந்த சாசனங்களில் அதுவும் ஒன்று. "ஜனநாயகம் தெரியாத நாட்டில்தான் சர்வாதிகாரி வருவான்" என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

போரை நிறுத்தச் சொன்னது யார் தெரியுமா? ராணுவத் தளபதிகள் ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும்தான். இனி தாங்க முடியாது, உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று அவர்கள்தான் அரசை நெருக்கினார்கள். ஆனால் நவம்பர் 11 அன்று போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட அனுப்பப்பட்டவர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. அடுத்த வருடமே அதே ஹிண்டன்பர்க் விசாரணைக் குழு முன் வந்து, ராணுவம் முதுகில் குத்தப்பட்டது என்று சாட்சி சொன்னார். பொய் இப்படித்தான் பிறந்தது. தோற்ற தளபதி வீரர் ஆனார். கையெழுத்துப் போட்டவர் துரோகி ஆனார். 1921-ல் எர்ஸ்பெர்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1922-ல் வெளியுறவு அமைச்சர் வால்டர் ராதெனவ் காரில் போகும்போது கொல்லப்பட்டார். அவர் யூதர். 1925-ல் ஹிண்டன்பர்க் நாட்டின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

அடுத்து விலைவாசி. போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். நான் பூஜ்யங்களைத் தவறாக எண்ணிவிட்டேனோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன், கணக்கு சரிதான். ஆயுள் முழுக்கச் சிக்கனமாக இருந்து, வயதான காலத்துக்கென்று வங்கியில் போட்டு வைத்தவர்களின் பணம் ஒரு ரொட்டிக்குக்கூட உதவவில்லை. கடன் வாங்கியவன் தப்பித்தான், சேமித்தவன் அழிந்தான். நேர்மையாக வாழ்வதில் அர்த்தமே இல்லை என்று ஒரு தலைமுறைக்கு அந்த வருடம் கற்றுக் கொடுத்தது.

நீதிபதிகள் காட்டிய இரக்கம்

அந்த நவம்பரில்தான் ஹிட்லர் மூனிச் நகரில் ஆயுதத்தோடு ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தான். தோற்றான். நான்கு போலீஸ்காரர்கள் செத்தார்கள், அவனுடைய ஆட்கள் 16 பேர் செத்தார்கள். தேசத்துரோக வழக்கு. என்ன நடந்திருக்க வேண்டும்?

அவன் ஜெர்மன் குடிமகனே இல்லை, ஆஸ்திரியாக்காரன். அப்படிப்பட்ட குற்றம் செய்த வெளிநாட்டவரை நாடு கடத்த வேண்டும் என்று சட்டம் இருந்தது. நீதிமன்றம், இவன் ஜெர்மன் படையில் போர் புரிந்தவன், ஜெர்மானிய உணர்வு உள்ளவன், அந்தச் சட்டம் இவனுக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டது. ஐந்து வருடச் சிறை என்று தீர்ப்பு. 1924 டிசம்பர் 20 அன்று வெளியே வந்துவிட்டான். தீர்ப்பிலிருந்து எண்ணினால் ஒன்பது மாதம்கூட ஆகவில்லை.

விசாரணையின்போது அவனை மணிக்கணக்கில் பேசவிட்டார்கள். பத்திரிகைகள் அதை நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தன. மூனிச்சுக்கு வெளியே பெரிதாகத் தெரியாதவனை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தியது அந்த நீதிமன்றம்தான். இடதுசாரிகள் இதே போன்ற கிளர்ச்சி செய்தபோது இந்த நாட்டு நீதிபதிகள் மிகக் கடுமையாகத் தண்டித்தார்கள். இவன் விஷயத்தில் மட்டும், "வழி தவறினாலும் தேசபக்தன்" என்று பார்த்தார்கள். என்னைக் கேட்டால் இந்த முழு வரலாற்றிலும் மிகக் கசப்பான இடம் இதுதான். அன்றைக்கு யாரும் புதிய சட்டம் எதுவும் போடத் தேவையில்லை. இருக்கிற சட்டத்தை எல்லோருக்கும் ஒன்றாக நடத்தியிருந்தால் போதும்.

சிறையிலிருந்து வந்தவன் ஒரு முடிவோடு வந்தான். துப்பாக்கியால் ஆகாது. ஓட்டு வழியாக உள்ளே போவோம், போன பிறகு கதவைச் சாத்திக்கொள்வோம். இதை அவர்கள் ஒளித்து வைக்கவும் இல்லை. மேடையில் பகிரங்கமாகவே பேசினார்கள்.

பசியும் அவசரச் சட்டமும்

1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம். 12 இடங்கள். ஊர் சிரித்தது. பணம் சீராகி, வேலை கிடைத்து, நாடு கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் அந்த வளர்ச்சி பெருமளவு அமெரிக்கக் கடனில் நின்றது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்ததும் கொடுத்த கடனைத் திரும்பக் கேட்டார்கள். 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் 60 லட்சத்துக்கும் மேல்.

வயிறு காய்ந்தவனிடம் பாராளுமன்றத்தின் அருமையைப் பேச முடியாது. டீக்கடைப் பெரியவரின் கோபம் நியாயமானது என்று நான் சொல்வது இதனால்தான். அந்தக் கோபத்தை அன்றைய ஆட்சியாளர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். 1930-ல் சான்சலர் ஆன ப்ரூனிங், சம்பளத்தை வெட்டினார், உதவித்தொகையை வெட்டினார், வரியைக் கூட்டினார். பாராளுமன்றம் ஒப்புக்கொள்ளாதபோது சாசனத்தின் 48-வது ஷரத்தை எடுத்தார்.

இந்த 48-வது ஷரத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். நாட்டில் பெரிய ஆபத்து வந்தால் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கேட்காமல் அவசரச் சட்டம் போடலாம், அடிப்படை உரிமைகளையும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம் என்பது அது. சாசனத்தை எழுதியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். தீ பிடித்தால் உடைத்து எடுப்பதற்காகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த கோடரி மாதிரி. ப்ரூனிங் காலத்தில் அந்தக் கோடரியால் தினசரி விறகு வெட்ட ஆரம்பித்தார்கள். 1932-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் மொத்தமே ஐந்து. அந்த வருடம் ஜனாதிபதி கையெழுத்தில் வந்த அவசரச் சட்டங்கள் அறுபதுக்குக் குறையாது. கட்டடம் அங்கேதான் இருந்தது, உறுப்பினர்கள் சம்பளம் வாங்கினார்கள். நாட்டை நடத்தியது ஒரு முதியவரின் பேனா. அவர்தான் ஹிண்டன்பர்க். அப்போது அவருக்கு வயது 84.

ஆக, ஜனநாயகத்தை ஹிட்லர் வந்து கொன்றான் என்று சொல்வது பாதிதான் உண்மை. அவன் வருவதற்கு மூன்று வருடம் முன்பே அது படுத்த படுக்கையாகிவிட்டது. பாராளுமன்றம் இல்லாமலேயே ஆள முடியும் என்று மக்கள் பழகிவிட்டார்கள். "கூடிக் கூடிச் சண்டை போடுவதற்கு, ஒருவர் முடிவு செய்தால் நல்லதுதானே" என்ற பேச்சு அங்கேயும் டீக்கடைகளில் ஓடியது. அவர்களுக்கு அது பீர் கடை.

இரண்டு கட்சிகள், ஒரே பகைவன்

1930 செப்டம்பரில் 12 இடங்கள் 107 ஆயின. 1932 ஜூலையில் 37.3 சதவீத ஓட்டு, 230 இடங்கள். நாஜிகள் மிகப் பெரிய கட்சியானார்கள். தெருவில் அவர்களின் பழுப்புச் சட்டைப் படை அடிதடியில் இறங்கியது. அந்தப் படைக்கு இருந்த தடையை 1932 ஜூனில் புதிய சான்சலர் பாப்பன் நீக்கினார். ஜூலை 17 அன்று ஹாம்பர்க் அருகே ஆல்டோனாவில் நடந்த மோதலில் 18 பேர் இறந்தார்கள். "பார்த்தீர்களா, சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது" என்று சொல்லி, மூன்றே நாளில், நாட்டின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் ஜனநாயக அரசை அதே பாப்பன் 48-வது ஷரத்தால் கலைத்தார். தடையை நீக்கியவர் அவர், கலவரத்தைக் காரணம் காட்டியவரும் அவர்.

எதிர்த்தரப்பு என்ன செய்தது? தொழிலாளர்கள் பக்கம் இரண்டு பெரிய கட்சிகள் இருந்தன: சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள். 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு 196 இடங்கள். சோஷலிஸ்டுகளுக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100. கூட்டிப் பாருங்கள், 221. இருவரும் சேர்ந்தால் நாஜிகளை விடப் பெரிய அணி. ஆனால் கம்யூனிஸ்டுகள் சோஷலிஸ்டுகளைத்தான் முதல் எதிரி என்றார்கள், அவர்களும் ஒருவகை ஃபாசிஸ்டுகள் என்று பட்டம் கொடுத்தார்கள். அந்த நவம்பரில் பெர்லின் போக்குவரத்து வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்டுகளும் நாஜிகளும் ஒன்றாக நின்றார்கள். சோஷலிஸ்டுகளும் பழைய கொலைகளை, பழைய துரோகங்களைச் சொல்லி ஒதுங்கியே இருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் தங்கள் நியாயம் இருந்தது. அடுத்த வருடம் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே முகாமில் அடைக்கப்பட்டார்கள். ஒரே தெருவில் இரண்டு சங்கம், இரண்டு ஜமாஅத் நடத்திக்கொண்டிருக்கும் நமக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

கதவைத் திறந்தவர்கள்

இப்போது கவனமாகக் கேளுங்கள், பலருக்குத் தெரியாத விஷயம். 1932 நவம்பரில் ஹிட்லர் இறங்கிக்கொண்டிருந்தான். ஜூலையைவிட 34 இடங்கள் குறைவு, சுமார் 20 லட்சம் ஓட்டு குறைவு. கட்சியில் பணம் இல்லை. "மக்கள் ஓட்டுப் போட்டு அவனைக் கொண்டு வந்தார்கள்" என்று பொதுவாகச் சொல்கிறோம். சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் அவனுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அந்த ஏப்ரலில் ஜனாதிபதி தேர்தலிலும் ஹிண்டன்பர்க்கிடம் 53-க்கு 36.8 என்ற கணக்கில் தோற்றிருந்தான். அந்தத் தேர்தலில் நிற்பதற்காகத்தான் பிப்ரவரியில் ஒரு சிறிய மாநிலத்தில் அரசு அதிகாரியாக அவனை நியமித்துக் குடியுரிமை வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

பதவியிழந்த பாப்பனுக்கு, தன் இடத்துக்கு வந்த ஷ்லைகர் மேல் கோபம். அவரைக் கவிழ்க்க வேண்டும். 1933 ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் ஒரு வங்கியாளர் வீட்டில் ரகசியமாக ஹிட்லரைச் சந்தித்தார். பத்திரிகை முதலாளியும் பழைமைவாதக் கட்சித் தலைவருமான ஹூகன்பர்க்கும் சேர்ந்துகொண்டார். இவர்களுடைய கணக்கு இதுதான்: கூட்டம் சேர்க்கும் ஆள் அவன், அறிவு நமக்கு. அமைச்சரவையில் அவன் ஆட்கள் மூன்றே பேர், மற்றவர்கள் நம் ஆட்கள். பாப்பன் துணைச் சான்சலர். இரண்டு மாதத்தில் அவனை மூலையில் தள்ளிவிடலாம்.

ஜனவரி 30 அன்று ஹிண்டன்பர்க் கையெழுத்துப் போட்டார்.

அந்த மூன்று பேரில் ஒருவர் உள்துறை அமைச்சர் ஃப்ரிக். இன்னொருவர் கோரிங். அவரிடம் பிரஷ்யாவின் போலீஸ் போனது. பழுப்புச் சட்டைக்காரர்களையே துணைப் போலீசாக்கினார். மற்றவர்கள் பொருளாதாரம், விவசாயம் என்று பெரிய இலாகாக்களை வாங்கிக்கொண்டு திருப்தியாக இருந்தார்கள்.

பிப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. வான் டெர் லூப்பே என்ற டச்சு வாலிபர் அங்கேயே பிடிபட்டார். மறுநாளே 48-வது ஷரத்தின் கீழ் ஒரு அவசரச் சட்டம்: பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, கடிதத்தின் ரகசியம், காரணமின்றிக் கைது செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு எல்லாம் நிறுத்தி வைப்பு. மறு உத்தரவு வரும் வரை என்று எழுதியிருந்தது. அந்த மறு உத்தரவு ஹிட்லர் ஆட்சி முடியும் வரை, 12 வருடம் வரவே இல்லை. இத்தனை பயத்துக்கு நடுவே மார்ச் 5-ல் நடந்த தேர்தலிலும் நாஜிகளுக்கு 43.9 சதவீதம்தான்.

மார்ச் 23 அன்று அதிகாரமளிப்புச் சட்டம் வந்தது. பாராளுமன்றம் இல்லாமல் அமைச்சரவையே சட்டம் போடலாம், அது சாசனத்துக்கு மாறாக இருந்தாலும் செல்லும். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கம்யூனிஸ்டுகளின் 81 பேரில் ஒருவரையும் உள்ளே விடவில்லை. மண்டபத்துக்குள்ளும் வெளியிலும் சீருடைப் படை. எல்லாமே கத்தோலிக்க மையக் கட்சியின் கையில் இருந்தது. அவர்களின் தலைவர் காஸ் ஒரு பாதிரியார். தன் சமூகத்தின் பள்ளிக்கூடங்களும் திருச்சபையும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் கவலை. ஹிட்லர் வாக்குறுதி தந்தான், எழுத்திலும் தருகிறேன் என்றான். ஓட்டெடுப்பு நேரம் வந்தது, கடிதம் வரவில்லை. அவர்கள் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். கடிதம் அதற்குப் பிறகும் வரவே இல்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. "நம் மதரஸாவுக்கும் பள்ளிவாசலுக்கும் பாதிப்பு இல்லை என்றால் மற்றவர்கள் விஷயம் நமக்கு எதற்கு" என்று நாமும் எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்!

எதிர்த்தது சோஷலிஸ்டுகள் மட்டும். 120 பேரில் வர முடிந்தவர்கள் 94. அந்த 94 பேரும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு 444. அவர்களின் தலைவர் ஓட்டோ வெல்ஸ் அந்தச் சீருடைகளுக்கு நடுவே எழுந்து நின்று எதிர்த்துப் பேசினார். ஜூலை 14-க்குள் நாஜிக் கட்சி தவிர வேறு கட்சியே இல்லை என்றானது. மையக் கட்சியும் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஹூகன்பர்க் ஜூனிலேயே பதவி விலகினார். 1934 ஜூன் 30 அன்று முன்னாள் சான்சலர் ஷ்லைகர் வீட்டிலேயே மனைவியோடு சுட்டுக் கொல்லப்பட்டார். பாப்பனின் உதவியாளர்களில் இருவர் கொல்லப்பட்டார்கள், அவர் வீட்டுக்காவலில் கிடந்தார். அவனை மூலையில் தள்ளுவோம் என்று சொல்லிப் பதினெட்டு மாதம்கூட முடியவில்லை. ஆகஸ்ட் 2-ல் ஹிண்டன்பர்க் இறந்தார். ஜனாதிபதி பதவியையும் ஹிட்லரே எடுத்துக்கொண்டான். ராணுவ வீரர்கள் ஒவ்வொருவரும் நாட்டின் பெயரால் அல்ல, அவன் பெயரால் சத்தியம் செய்தார்கள்.

வாட்ஸ்அப் அனுப்பிய தம்பிக்கு

நீங்கள் அனுப்பிய அந்த வாசகம் ஹிட்லரின் எந்தப் பேச்சிலும் எழுத்திலும் இல்லை, யாரோ இட்டுக்கட்டியது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். 1933-ல் ஜெர்மனியில் யூதர்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், மருத்துவர், பள்ளி ஆசிரியர், முந்தைய போரில் ஜெர்மனிக்காகக் காயம்பட்டவர். பாலஸ்தீனத்தில் இன்று நடக்கும் அநீதிக்காக நம் நெஞ்சு எரிகிறது. அந்த நெருப்பை, பெர்லினில் ஒரு சிறுபான்மைக்கு நடந்த அநீதியைப் புகழ்வதற்குப் பயன்படுத்த முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1941-ல் ஜெர்மன் படை சோவியத் நாட்டுக்குள் நுழைந்தபோது சிறைபிடித்த வீரர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். கத்னா செய்திருந்ததைப் பார்த்து யூதர்கள் என்று கருதி அவர்களில் பலரைச் சுட்டுக் கொன்றார்கள்.

பெர்லினில் முஹம்மத் ஹெல்மி என்று ஒரு எகிப்திய மருத்துவர் இருந்தார். 1922-ல் படிக்க வந்தவர், மோவாபிட் பகுதி மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1933-ல் அவரோடு வேலை பார்த்த யூத மருத்துவர்களை வெளியேற்றினார்கள். அவர் யூதர் இல்லை என்பதால் விட்டுவைத்தார்கள். சில வருடத்தில் நீங்களும் ஆரிய இனம் இல்லை என்று அவருடைய வேலையையும் பறித்தார்கள். காதலித்த ஜெர்மன் பெண்ணைத் திருமணம் செய்ய அனுமதி கிடையாது. 1939-ல் கைது, விடுதலை, மறுபடி கைது.

1942-ல் யூதர்களைக் கிழக்கே ஏற்றி அனுப்பத் தொடங்கியிருந்த நேரத்தில், அன்னா போரோஸ் என்ற யூதப் பெண் அவரிடம் அடைக்கலம் தேடி வந்தாள். பெர்லின் ஓரத்தில் அவருக்கு ஒரு சிறு குடில் இருந்தது. போர் முடியும் வரை அவளை மறைத்து வைத்தார். ரகசியப் போலீசார் அவரை விசாரித்தபோதும் காட்டிக் கொடுக்கவில்லை. அவளுடைய பாட்டியை ஒரு ஜெர்மன் பெண்ணின் வீட்டில் ஒளித்து வைக்க ஏற்பாடு செய்தார். அந்தக் குடும்பத்தில் நான்கு பேரும் உயிரோடு மீண்டார்கள். போருக்குப் பிறகு ஹெல்மி தன் எம்மியைத் திருமணம் செய்துகொண்டு பெர்லினிலேயே மருத்துவம் பார்த்தார். 1982-ல் அங்கேயே மவ்த்தானார்.